இரத்ததானமும் விலக்கு விதிகளும்

மன்னார்த் தீவையும் அதனையடுத்த பெருநிலக் கரையையும் பற்றி எழுதப்புகுவோர் மாதோட்டத்தின் பழம்பெருமையையும் திருக்கேதீச்சரத்தையும் முத்துக்குளிப்பையும் எழுதி அமைவது வழக்கம். அக்கரைக்கு வேறொரு வரலாறும் உண்டு. நோய் வாராது காக்கும்பொருட்டு மனிதரை இன்னார் இன்னார் என வகுத்து, ஒரு வகையாரை உள்ளே விட்டு மற்றொரு வகையாரை நிறுத்திவைத்த வரலாறு அது. இக்காலத்தில் உலக நாடுகள் பலவற்றில் ஆராயப்பட்டுவரும் ஒரு வினா, அஃதாவது ஆடவரோடு கூடும் ஆடவரிடமிருந்து இரத்ததானம் ஏற்கலாமா என்னும் வினா, அவ்வரலாற்றோடு சேர்த்து நோக்கத்தக்கது. தோற்றத்திலே இவையிரண்டும் தொடர்பற்றன போலத் தோன்றும். ஆயின் இரண்டும் ஒரே இடர்ப்பாட்டிலிருந்து எழுந்தவை. கண்ணுக்குத் தெரியாத நோயை வாயிலிலேயே தடுத்தல் வேண்டும். அந்நோயைக் காட்டும் கருவியோ கையில் இல்லை. ஆகவே நோய்க்குப் பதிலாக மனிதரின் வகையைப் பார்த்து நிறுத்தினர்.

பிரித்தானியர் ஆட்சியில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி முதலிய இடங்களில் முத்துக்குளிப்புக் காலத்திற் பல்லாயிரவர் கூடுவர். ஓலைக் கொட்டில்களாலான பட்டினம் ஒன்று சில கிழமைகளுள் எழுந்து, குளிப்பு முடிந்ததும் மறைந்துபோகும். சிப்பி அழுகும் நாற்றமும் நன்னீர்க் குறைவும் ஒருங்கே அமைந்த அவ்விடங்களில் வாந்திபேதி அடிக்கடி தலைகாட்டிற்று. அதனினும் துயரமானது வடபாதையின் கதை. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, மதவாச்சி வழியாக மாத்தளையை நோக்கிக் காட்டுவழியே கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்தம் தொகையைத் திட்டமாகச் சொல்லவல்ல ஏடு எதுவும் இல்லை. நோயால் மாண்ட அம்மக்கள்மீதே நோயைக் கொண்டுவருவோர் என்னும் பெயரும் படிந்தது. 1896ஆம் ஆண்டு பம்பாயிலே பிளேக்கு நோய் தோன்றியபின் இவ்வச்சம் மேலும் மிகுந்தது.

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. தோட்டத் தொழிலாளர் அக்கப்பலில் ஏறுமுன், இந்தியக் கரையிலே இலங்கை அரசாங்கம் நடத்திய மண்டபம் முகாமிற் சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டனர். அவர்தம் உடைகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன, அம்மைப்பால் குத்தப்பட்டது. அதே கப்பலில் மேல்வகுப்புச் சீட்டோடு கொழும்பு சென்ற வழக்கறிஞரும் வணிகரும் அவ்வாறு நாட்கணக்கில் அடைபட்டாரல்லர். வாந்திபேதிக் கிருமி பயணச்சீட்டைப் பார்த்து உடலிற் புகுவதன்று என்பதை அக்காலத்து வைத்தியரும் அறிவர். ஆயினும் நடுநிலையோடு கூறுமிடத்து, அம்முகாம் பயனற்றது எனத் தள்ளிவிடுதல் இயலாது. நோய் பரவிய ஊர்களிலிருந்தே தொழிலாளர் பெருந்திரளாக வந்தனர். நோயரும்பும் காலம் கழியும்வரை ஒருவரைக் காத்திருக்கச் செய்வது நன்கறிந்த வைத்திய முறை. குறை காத்திருக்கச் செய்ததில் அன்று. யாரைக் காத்திருக்கச் செய்வது என்பதை வகுப்பும் தொழிலும் முடிவுசெய்தமையே குறை. 1980களின் பின் அதே மண்டபம், மன்னாரிலிருந்து படகேறிய அகதிகளுக்கு உறைவிடமாயிற்று என்பதையும் இங்கே நினைவுகொள்ளலாம்.

வாயில் காப்போன் இருவகையாக வினவலாம். ‘எந்த ஊரில் இருந்தாய், எந்நாளிற் புறப்பட்டாய், நோயாளரோடு பழகினாயா?’ என்பது ஒருவகை. ‘நீ எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்?’ என்பது மற்றொரு வகை. முதல் வினாவுக்கு விடையளித்தவன் உரிய நாள் கழிந்ததும் உள்ளே போகலாம். இரண்டாம் வினாவுக்கு விடையளித்தவனுக்கு நாள் எதுவும் இல்லை. கடற்றுறையிலே கேட்கப்பட்ட இவ்வினாக்கள் இரத்த வங்கியின் வாயிலுக்கு வந்து சேர்ந்தவாறு இனி நோக்கற்பாலது.

ஒருவர் இரத்தத்தை மற்றொருவருக்கு ஏற்றும் கலை, 1901ஆம் ஆண்டு வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைக் கண்டறிந்து வெளியிட்டபின்னரே உறுதியான அடிப்படை பெற்றது. 1921இல் இலண்டனிலே பேர்சி ஒலிவர் என்பவர் பொருள் பெறாது இரத்தம் வழங்குவோரை ஒன்றுசேர்த்து முறைப்படுத்தினார். 1937இல் சிக்காகோ நகர வைத்தியசாலை ஒன்றிலே ‘இரத்த வங்கி’ என்னும் பெயரும் அமைப்பும் தோன்றின. வங்கி தோன்றிய சில ஆண்டுகளுள்ளேயே விலக்கும் தோன்றிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பின மக்களின் இரத்தத்தை முதலில் ஏற்க மறுத்தது. 1942இல் ஏற்றபோதும் அதனைத் தனியே பிரித்து வைத்தது. இருவர் இரத்தத்திலும் நிறத்தால் வரும் வேறுபாடு யாதுமில்லை என்பது அப்பொழுதே நன்கு தெரிந்திருந்தது. அப்பிரிவினை 1950ஆம் ஆண்டிலேதான் கைவிடப்பட்டது. அதனை இன்று நியாயப்படுத்துவார் எவருமில்லை. ஆயின் எயிட்ஸ் நோயையொட்டி எழுந்த விலக்கினை இதனோடு அப்படியே ஒப்பிடுவோர் தவறிழைக்கின்றனர்; அதற்கு உண்மையான காரணம் ஒன்று இருந்தது.

1981ஆம் ஆண்டு யூன் மாதம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே ஐந்து இளைஞரிடம் அரிய நுரையீரல் நோயொன்று காணப்பட்டதாக அமெரிக்கச் சுகாதாரத் துறை அறிவித்தது. ஐவரும் ஆடவரோடு கூடும் ஆடவர். 1982இல் இரத்தம் உறையாக் குறைபாடுடைய நோயாளரிடமும், அவ்வாண்டின் இறுதியில் இரத்தம் ஏற்றப்பட்ட குழந்தை ஒன்றிடமும் அந்நோய் காணப்பட்டது. நோய்க் கிருமி யாது என எவர்க்கும் தெரியாது. அதனைக் காட்டும் சோதனை இல்லை. அந்நிலையில், 1983ஆம் ஆண்டு மார்ச் மாதம், நோய் மிகுந்து காணப்பட்ட வகையினர் இரத்தம் வழங்காதிருக்க வேண்டும் என அந்நாட்டு அரசாங்கம் வேண்டிக்கொண்டது. அன்றைய அறிவின் எல்லையில் அது தக்க செயலே. தயங்கிய நாடுகளில் நேர்ந்ததை நோக்கின் அதன் அருமை விளங்கும். கனடாவிலே நீதிபதி கிறேவர் தலைமையிலான ஆணைக்குழு 1997இல் வெளியிட்ட அறிக்கையும், பிரித்தானியாவிலே 2024 மே மாதம் வெளிவந்த விசாரணை அறிக்கையும் படிப்போர் நெஞ்சை உருக்குவன. பிரித்தானியாவில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாசுற்ற இரத்தத்தாலும் இரத்தப் பொருட்களாலும் எச்.ஐ.வி. அல்லது ஈரலழற்சித் தொற்றுப் பெற்றனர். ஏறக்குறைய 3,000 பேர் மாண்டனர். இரத்தம் கொடுத்தல் ஒருவரின் உரிமையன்று, தூய இரத்தம் பெறுதலே நோயாளியின் உரிமை என்று வைத்தியர் வற்புறுத்துவதற்கு இத்தகைய துன்பங்களே காரணம்.

1983இலே பாரிசு நகரின் பாஸ்டர் நிலையத்தார் கிருமியைக் கண்டனர். 1985 மார்ச் மாதம் அமெரிக்காவிலே இரத்தச் சோதனை நடைமுறைக்கு வந்தது. வரலாற்றிலே உற்று நோக்கவேண்டிய இடம் இதுவே. சோதனை வந்ததும் விலக்கு தளரவில்லை, இறுகிற்று. 1977ஆம் ஆண்டின் பின் ஒருமுறையேனும் ஆடவரோடு கூடிய ஆடவன் எவனும் வாழ்நாள் முழுவதும் இரத்தம் வழங்கலாகாது என்னும் விதி நிலைபெற்றது. தொடக்கத்தில் அதற்கும் காரணம் காட்டமுடிந்தது. கிருமி உடலிற் புகுந்த நாளுக்கும் சோதனையில் அது புலப்படும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் வழங்கப்படும் இரத்தம் சோதனையைத் தப்பிச் செல்லும். முற்காலச் சோதனைகளில் இவ்விடைவெளி கிழமைகள் பலவாக நீண்டது. 1999ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் நியூக்கிளிக் அமிலச் சோதனை வந்தபின் ஏறக்குறைய 10 நாட்களாகக் குறுகிற்று. இடைவெளி 10 நாட்களாகியும் விலக்கு வாழ்நாள் முழுவதற்கும் நின்றது. ஒருவனோடு மாத்திரம் 20 ஆண்டுகளாக வாழ்ந்துவரும் ஆடவன் என்றும் விலக்கப்பட, பல பெண்களோடு பழகிய ஆடவன் சிலகாலம் காத்திருந்தாற் போதும் என்றிருந்த நிலையை அறிவியலால் விளக்குதல் அரிதாயிற்று. இதனை முதலில் எடுத்துரைத்தோர் வழக்காடிகள் மட்டுமல்லர். இரத்த வங்கிகளிற் பணியாற்றிய வைத்தியரும் ஆவர்.

வகையைக் கொண்டு விலக்கும் முறை வேறிடங்களில் விளைத்த புண்ணும் இங்குக் கூறத்தக்கது. 1990இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஹெயிற்றி நாட்டார் அனைவரும் இரத்தம் வழங்கலாகாது என்றபோது, நியூயோர்க் நகரத்துப் புறூக்ளின் பாலத்தின்மீது பல்லாயிரவர் அணிவகுத்துச் சென்றனர். அவ்வாண்டு முடியுமுன் அவ்விதி நீக்கப்பட்டது. 1996இல் இஸ்ரவேலிலே எதியோப்பிய யூதர் வழங்கிய இரத்தம் அவர்களுக்கு அறிவிக்கப்படாமலே எறியப்பட்டுவந்தது வெளியானது. இராணுவத்திலும் கல்லூரிகளிலும் விருப்போடு கைநீட்டிய இளைஞர் தம் இரத்தம் குப்பையிற் சேர்ந்தது எனப் பத்திரிகையிற் படித்து அறிந்தனர். மறுத்தலிலும் வஞ்சித்தல் கொடிது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டா. இவற்றுக்கு எதிராக வேடிக்கையான ஒரு செய்தியும் உண்டு. மாட்டினத்து மூளைநோயின் அச்சத்தால், 1980 முதல் 1996 வரை பிரித்தானியாவில் மூன்று மாதங்களோ அதற்கு மேலோ தங்கியிருந்தோரை அமெரிக்கா நெடுங்காலம் விலக்கிவைத்தது. 2022இலேதான் அவ்விலக்கு நீங்கிற்று. ஒருகாலத்தில் மன்னார்த் துறையிலே பிறரை நிறுத்திவைத்தவர்தம் பேரப்பிள்ளைகள் பொஸ்டனிலும் நியூயோர்க்கிலும் இரத்த வங்கி வாயிலில் நிறுத்தப்பட்டனர். அதனால் அவர்களுக்கு இழிவு எதுவும் நேரவில்லை. இடமும் காலமும் பற்றிய வினாவே அவர்களிடம் கேட்கப்பட்டது.

விதியை முதலில் மாற்றியவற்றுள் இத்தாலி குறிப்பிடத்தக்கது. 2001 முதல் அந்நாடு வகையை விடுத்து ஒவ்வொருவரின் நடத்தையையும் தனித்தனி ஆராயும் முறையைக் கைக்கொண்டது. அதனால் இரத்தத்திலே தொற்று மிகுந்ததாகப் பின்வந்த ஆய்வுகள் காணவில்லை. ஸ்பெயின் 2005இலும் தென்னாபிரிக்கா 2014இலும் அவ்வழிச் சென்றன. பிறேசிலில் 2020ஆம் ஆண்டு நாட்டின் உயர்நீதிமன்றமே விலக்கினை நீக்கிற்று. பிரித்தானியா படிப்படியாக நடந்தது: 2011இல் வாழ்நாள் விலக்கு 12 மாதமாகவும், 2017இல் 3 மாதமாகவும் குறைந்து, 2021 யூன் முதல் ஆண் பெண் அனைவரிடமும் ஒரே வினாக்களைக் கேட்கும் முறை வந்தது. பிரான்சும் கனடாவும் 2022இல் மாறின. அமெரிக்கா 2015இல் 12 மாதமாகவும், கொரோனாத் தொற்றால் இரத்தம் தட்டுப்பட்ட 2020இல் 3 மாதமாகவும் குறைத்து, 2023 மே மாதம் தனியாராய்வு முறையை ஏற்றது. கடந்த 3 மாதத்துள் புதியவரோடோ பலரோடோ கூடினாரா, அக்கூட்டம் எத்தகையது என்பனவே இப்பொழுது கேட்கப்படுவன. ஆபத்தான நடத்தையுடையவர் ஆடவனாயினும் பெண்ணாயினும் காத்திருத்தல் வேண்டும். தளர்த்தல் என்று இதனைச் சொல்வது முற்றும் பொருந்தாது. முன்னர் கேள்வியின்றிச் சென்ற பலர் இப்பொழுது கேட்கப்படுகின்றனர்.

பாக்கு நீரிணையின் அக்கரையில் நிலைமை வேறு. இந்தியாவிலே எச்.ஐ.வி. முதன்முதலிற் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையிலே, டொக்டர் சுனிதி சொலமன் குழுவினரால். தொற்றுடையோராகக் காணப்பட்டவர் பெண்கள். அந்நாட்டில் இரத்தத்தின் பெருங்கேடு நெடுங்காலமாக வேறோரிடத்தில் இருந்தது. வறுமையால் இரத்தத்தை விற்றுப் பிழைத்தோரே வங்கிகளை நிரப்பினர். உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பின்படி 1998 சனவரி முதல் அவ்விற்பனை தடைசெய்யப்பட்டது. 2017இல் வெளிவந்த இரத்ததான நெறிமுறைகள் திருநங்கையரையும், ஆடவரோடு கூடும் ஆடவரையும், பாலியற் தொழில்செய்யும் பெண்களையும் நிலையாக விலக்கின. அடுத்த ஆண்டிலேயே அதே நாட்டின் உச்ச நீதிமன்றம் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து மனமொத்த கூட்டத்தை விடுவித்தது. ஆக, குற்றமல்லாத ஒன்று இரத்த வங்கியிலே வாழ்நாள் மறுப்பாய் நின்றது. மணிப்பூரைச் சேர்ந்த தங்ஜம் சாந்தா சிங் 2021இல் இந்நெறிமுறைகளை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். இவ்வகையினரிடம் தொற்று வீதம் மிகுதி என்பதற்குச் சான்றுண்டு என்றும், பெறுவோரின் பாதுகாப்பே முதன்மை என்றும் மத்திய அரசு 2023இல் விடையிறுத்தது. தொற்று வீதம் பற்றிய அக்கூற்று பொய்யன்று. ஆயினும் ஒரு கூட்டத்தின் வீதத்தை அக்கூட்டத்தில் ஒவ்வொருவனுடைய நிலையாகவும் கொள்ளலாமா என்பதே வழக்கின் உயிர்நிலை. மண்டபம் முகாமின் வினாவும் அதுவே.

இனி இலங்கை. இந்நாட்டில் 1986இல் வெளிநாட்டவர் ஒருவரிடமும், 1987இல் இலங்கையர் ஒருவரிடமும் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. தொற்று இங்கு என்றும் குறைவாகவே இருந்துவந்துள்ளது. இரத்த சேவையும் பெருமைக்குரியது. பொருளுக்காகவோ உறவினரின் நெருக்குதலாலோ அன்றி, முற்றிலும் தன்விருப்பால் வழங்குவோரிடமிருந்தே இரத்தம் பெறும் நிலையை 2014இல் நாடு எய்திற்று. கோயில் மண்டபங்களிலும் விகாரைகளிலும் தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் நடைபெறும் முகாம்களே அதன் ஊற்று. ஒவ்வோர் அலகும் எச்.ஐ.வி., இருவகை ஈரலழற்சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்காகச் சோதிக்கப்படுகின்றது. தேசிய இரத்த மாற்றுச் சேவை அறிவித்துள்ள தகுதி விதிகள், வழங்குவோர் ஆபத்தான நடத்தை அற்றவராயிருத்தல் வேண்டும் எனக் கூறி, அந்நடத்தையினரை எண்ணுமிடத்துத் தன்பாலீர்ப்புடையோரையும், பாலியற் தொழிலாளரையும் அவரிடம் செல்வோரையும், போதைப்பொருள் அடிமைகளையும், ஒருவர்க்கு மேற்பட்ட துணையுடையோரையும் குறிப்பிடுகின்றன. இவற்றுட் பின்னவை மூன்றும் செயலைச் சொல்வன. முதலாவது மட்டும் ஆளைச் சொல்வது. யாரோடும் கூடாது வாழும் ஒருவனும் அச்சொல்லினுள் அடங்கிவிடுகிறான்.

மன்னாரில் இவ்வேறுபாட்டைக் கண்கூடாகக் காட்டவல்லது மலேரியா. 1934, 35ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்ட அந்நோயை இலங்கை வென்றது. 2012இன் பின் உள்நாட்டுத் தொற்று இல்லாதொழிய, 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சான்று கிடைத்த சிறிது காலத்துள், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பினம் ஒன்று இலங்கையில் முதன்முறையாக மன்னார்த் தீவிலே, கிணறுகளிலே, கண்டறியப்பட்டது. கடலுக்கு அப்பாலிருந்து வந்ததென ஆய்வாளர் கருதும் அந்நுளம்பை அழிக்க வீடுவீடாக வேலை நடந்தது. ஆயினும், தீவிலே பிறந்தமையால் மன்னாரான் இரத்தம் ஆகாது என எவரும் கூறவில்லை. நோயுள்ள நாட்டுக்குச் சென்று மீண்டவரிடம் மட்டும் எங்கே சென்றார், எப்பொழுது மீண்டார் எனக் கேட்டு, உரிய காலம் காத்திருக்கச் சொல்வர். அவரும் மனம் நோவாமல் மெய்யைச் சொல்வர்.

மெய் சொல்லுதல் இங்கே சிறிய காரியம் அன்று. சோதனை எத்துணை நுட்பமாயினும் இடைவெளி நாட்களில் காவலாவது வழங்குவோரின் வாய்மை ஒன்றே. இலங்கையிலோ 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ என்னும் பிரிவுகள் தன்பாற் கூட்டத்தைக் குற்றமாக்கின. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 365அ பிரிவைத் தளர்த்தாது, பெண்களும் அதனுள் அடங்குமாறு விரித்தது. அதனை நீக்கக் கொணரப்பட்ட தனியார் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண்பட்டதன்று என 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் சட்டமூலம் நிறைவேறாமலே 2024இல் அப்பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஆகவே இரத்ததான முகாமிலே அவ்வினாவுக்கு மெய் சொல்பவன், சட்டம் குற்றமென்று கூறுவதனைத் தன் கையெழுத்தோடு ஒப்புக்கொள்வான் போல்வான். மன்னார், பேசாலை, தலைமன்னார் போன்ற இடங்களில் இதற்கு மேலுமொரு சுமை உண்டு. படிவம் நிரப்புபவரும் பக்கத்து மேசையிலிருப்பவரும் முகாமை ஒழுங்குசெய்த ஆசிரியரும் ஒருவரையொருவர் தலைமுறையாக அறிந்தவர். நண்பரோடு வரிசையில் வந்த இளைஞன் ஒருவன் இரத்தம் கொடாமல் எழுந்து சென்றால், ஏன் என்று ஊர் கேட்கும். அவன்முன் உள்ள வழிகள் இரண்டு: முகாமுக்கே வாராதிருத்தல், அல்லது பொய் விடை எழுதுதல். முன்னதால் வங்கிக்கு ஓர் அலகு இழப்பு. பின்னதால், அவன் உண்மையிலேயே இடைவெளி நாட்களில் உள்ளவனாயின், நோயாளி ஒருவருக்கு உயிராபத்து. அவனைப் பொய் சொல்லத் தூண்டும் விதி, தான் காக்கவந்த நோயாளியையே காவாதொழிகின்றது.

கடற்றுறையிலும் இதுவே நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் ஆளைப் பார்த்து வாயில் அடைபட்டபோது, மக்கள் இரவிலே தோணியேறி வேறு கரைகளில் இறங்கினர். கள்ளத்தோணி என்னும் இழிசொல் அவ்வாறே நாட்டிற் பரந்தது. வாயிலில் நின்ற வைத்தியர் காணாத வழியாக அவர்கள் வந்தமையால், நோயுண்டா என நோக்குவதற்கும் வாய்ப்பில்லாது போயிற்று.

விதியை மாற்றிய நாடுகள் ஒரே நாளில் மாற்றியவை அல்ல என்பதை இங்கு விரும்புவோர் மறத்தலாகாது. பிரித்தானியா 10 ஆண்டுகளில் மூன்று படிகளைக் கடந்தது. ஒவ்வொரு படியிலும் தன் புள்ளிவிவரத்தை ஆராய்ந்தது. வழங்கப்படும் இரத்தம் முழுவதற்கும் நுட்பமான சோதனை அங்கே இருந்தது. இலங்கை அத்தகைய சோதனையையும் ஆய்வையும் தன் நிலைமைக்கு ஏற்ப நிறுவிக்கொள்ள வேண்டும். அதற்குப் பணமும் காலமும் வேண்டும். சட்டம் மாறுவதற்கும் காலம் செல்லும். ஆயின் காத்திருக்கத் தேவையில்லாத சிறு காரியங்களும் உண்டு. பாடசாலை மண்டபத்தின் நடுவே கேட்கப்படும் வினாவை, கதவு அடைத்த ஓர் அறையிலே, அவ்வூரார் அல்லாத உத்தியோகத்தர் ஒருவர் கேட்கலாம். இரத்தம் கொடுத்தபின்னும், ‘என் இரத்தத்தைப் பயன்படுத்த வேண்டா’ என்று காரணம் கூறாமல் தெரிவிக்கும் வழியொன்றை வழங்குவோர் ஒவ்வொருவருக்கும் கொடுத்தனுப்பலாம். பிற நாடுகளில் 1980களிலேயே கையாளப்பட்ட முறை அது. விலக்குப் பட்டியலில் உள்ள ஒரு சொல்லை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் எச்செயல், எத்தனை நாட்களுக்குள் என எழுதலாம்.